வளைய வேண்டிய ஐந்து கோடுகள்

பள்ளி மாணவர்களுக்காக நான் எழுதிய விண்மீன் புத்தகமே ஒரு படத்துக்காக எழுதியது என்றால் பொய்யில்லை. ஒரு வட்டம், அதிலிருந்து கிளம்பும் ஐந்து கோடுகள், ஓரமாக ஒரு கண். அவ்வளவுதான் படம். வட்டம் நியூட்ரான் விண்மீன். சூரியனைவிடக் கனமானது, ஆனால் அடையாற்றிலிருந்து தாம்பரம் போகிற தூரத்துக்குள் அடங்கிவிடும். அத்தனை கனத்தை அத்தனை சின்ன இடத்தில் திணித்தால் ஈர்ப்பு அசுரத்தனமாகிவிடும். அங்கிருந்து கிளம்பும் ஒளி நேராக வர முடியாமல் வளைந்து வரும். அதனால் நம்மைப் பார்த்திருக்கும் பாதி மட்டுமல்ல, அதன் முதுகிலும் கொஞ்சம் நமக்குத் தெரியும். நிலா இந்தச் சலுகையைத் தருவதில்லை. ஆகவே அந்த ஐந்து கோடுகளும் வளைந்தே ஆக வேண்டும்.

என் முந்தைய புத்தகத்தில் இரண்டு படங்கள் இடம் மாறி, பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டி விற்றோம். இதற்கும் சீட்டு ஒட்டும்படி ஆனால் இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எனக்குக் கோபமும் அதிகம், ரோஷமும் அதிகம்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு டிடிபி கடை. அதை நடத்தும் பெண்மணிதான் பக்கங்களை வடிவமைத்தார். கோலத்தில் ஒரு புள்ளி விலகினாலும் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் போடுகிற ரகம். அன்று காலை கடைசிப் பிரதியில் கையெழுத்துப் போட்டேன். அவர் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். மதியம் வீட்டில் சாப்பிட்டு முடித்து, என் படத்தை ஆசையாகப் பார்க்கலாம் என்று செல்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து கோடுகளும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தன.

உடனே அவரை அழைத்தேன்.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க அந்தப் படத்துல?”

“கோடெல்லாம் கோணலா இருந்துச்சு மேடம். கை தவறிப் போட்டிருப்பீங்கன்னு நேராக்கினேன். அப்பவே உங்களுக்கு...”

“உங்களை யாரு நேராக்கச் சொன்னது?” என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

தேனாம்பேட்டையில் இருக்கும் அச்சகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். எல்லா சிக்னலும் எனக்கென்றே சிவப்பாக விழுந்தது. அச்சகம் இருக்கும் சந்துக்குள் நுழையும்போதே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. சீட்டை எங்கே ஒட்டுவது, கோந்து எத்தனை டப்பா வாங்குவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“இன்னா மேடம், இப்டி ஓடியாறீங்க?” என்றார் மெஷின்மேன். தான் அச்சடிக்கும் எதையும் படிக்காமல் விடாத மனிதர்.

“என் புத்தகம் ஓடிடுச்சா?”

“அது இன்னும் ஏறல. இது கண்ணாலப் பத்திரிகை ஓடிக்கினு கீது.” கை துடைத்துக்கொண்டு என் பக்கத்தை எடுத்து வந்தார். “இத்தப் பாருங்க. கீழ எழுத்துல முதுகும் தெரியும்னு போட்டுகீறீங்க. படத்துல கோடு நேராப் போவுது. நேராப் போனா முதுகு எப்டித் தெரியும்? எங்கியோ இடிக்குதுன்னு நிறுத்தி வெச்சேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. அங்கிருந்த காகிதக் கட்டின் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன்; கண்ணில் தண்ணீரும் வந்தது. வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லியும் பாதிப் பேருக்குப் புரியாத விஷயம், கல்யாணப் பத்திரிகை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரே வரியில் புரிந்திருக்கிறது. அவரைக் கும்பிடலாம் போலிருந்தது.

“நெஜமாவே தெரியுமா மேடம்?”

“கொஞ்சம் தெரியும்.”

“அப்ப அதால திரும்பி நின்னுகூட ஒளிய முடியாது” என்று சிரித்துவிட்டு மெஷினுக்குப் போனார்.

டிடிபி கடைக்குப் படத்தைத் திருத்தச் சொல்ல வேண்டும். செல்பேசியில் வாட்ஸப்பைத் திறந்தால், அவருடைய பழைய செய்தி நின்றது. போன வாரம் அனுப்பியது. ‘படத்துல கோடுகள் கோணலா இருந்தது, நேராக்கிட்டேன். ஓகேவா மேடம்?’ அதற்குக் கீழே நான் போட்ட கட்டைவிரல். படத்தைத் திறந்து பார்க்காமலே, கீரை வாங்கிக்கொண்டே போட்ட கட்டைவிரல். காலையில் கையெழுத்துப் போட்டபோதும் எழுத்துகளைத்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. காது மடல் சுட்டது.

அவரை அழைத்தேன். “அச்சாகலம்மா. தப்பு என்னுதுதான். உங்களைக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க.”

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. மதியம் முழுக்க அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம்.

“எவ்ளோ வளைக்கணும் மேடம்?”

“ஓரத்துல நல்லா வளையணும். நடுக்கோடு மட்டும் நேரா இருக்கட்டும்...” சொல்லும்போதே உறைத்தது. கண்ணுக்கு நேரே வரும் ஒளி வளையாது. ஐந்தல்ல, நான்குதான் வளைய வேண்டும். நான் வரைந்த படத்திலும் ஐந்தையும் வளைத்திருந்தேன்.

“நேர்ல வந்து பக்கத்துல உக்காந்து சொல்லுங்க மேடம்” என்றார் அவர். “கட்டைவிரல் மட்டும் வேணாம்.”