கறுப்புத் திரையில் கஸ்தூரி

போன செவ்வாய்க்கிழமை காலை, மயிலாப்பூரில் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் எங்கள் டி.டி.பி. கடையின் ஷட்டரைத் தூக்கும்போது, என்னோடு வேலை செய்த கஸ்தூரியின் தம்பி போன் செய்தான். மாரடைப்பில் போய்விட்டாள் என்றான். சற்றுப் பொறுத்து, "அக்கா, லைன்ல கீறியா?" என்று கேட்டான். இருந்தேன். பாதி தூக்கிய ஷட்டரை இறக்கினேன்.

கடைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். கடலோர ஊரூர் குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு வயது சிறியவள். பல வருஷங்களுக்கு முன், பழைய கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன என்று முதலாளி எல்லாவற்றிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். ஒரு மாதத்தில் பழகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொன்னார். எங்கள் இருவருக்கும் அதில் ஆனா ஆவன்னா தெரியாது. கறுப்புத் திரையில் கட்டளையை நாமே அடிக்க வேண்டும். சரியாக அடித்தால் அது வாயே திறக்காது. எனக்கு எரிச்சலாக வரும். கஸ்தூரி, "வேல செய்றவன் பேசிக்கினா இருப்பான்?" என்பாள்.

மூன்றாவது வாரம், பழைய ஃபைல்களை அழிப்பதாக நினைத்து, எந்த ஃபோல்டரில் இருக்கிறேன் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். முகூர்த்த மாதம். எட்டு கல்யாணப் பத்திரிகைகள் போயின. யார் வேலை இது என்று முதலாளி கத்தினார்.

"நான்தான் சார்" என்றாள் கஸ்தூரி.

வாடிக்கையாளர்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் தாள்கள் கம்பியில் குத்திக் கிடந்தன. அவற்றைப் பார்த்து மாலைக்குள் எட்டையும் மறுபடி அடித்தோம். அதனால் அவள் வேலை தப்பியது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்.

"உன் வூட்டுக்காரரு படுக்கைல கீறாரு. எனுக்கு வேல போனா எங்கம்மா மீன் கூடயாவது கீது. நீ இனிமே அழிக்கிறதுக்கு மின்னாடி, மொதல்ல எங்க கீறோம்னு கேளு."

அதற்கு மூன்றெழுத்துக் கட்டளை உண்டு, pwd என்று. அடித்தால் எந்த ஃபோல்டரில், யார் பெயரின் கீழ் இருக்கிறோம் என்று திரை சொல்லும்.

"கஸ்தூரி, பார்த்து அழி" என்று முதலாளி வருஷக்கணக்கில் கிண்டல் செய்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவள் சிரிப்பாள். நான் ப்ரூஃப் தாளில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். வெட்கமாக இருக்கும். ஆனாலும் உண்மையைச் சொன்னதில்லை.

நேற்று முதலாளி, அவள் கம்ப்யூட்டரிலிருந்து அவள் லாகின் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

"மாட்டேன் சார். அன்னிக்கு எட்டையும் அழிச்சது நான்."

அவர் அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இருக்கட்டும் என்றார்.

இப்போது அவள் பெயரில்தான் உள்ளே போகிறேன். எதையும் அழிக்கும்முன் அந்த மூன்றெழுத்தை அடிக்கிறேன். நான் இருக்கும் இடத்தை, அவள் பெயரையும் சேர்த்து, திரை சொல்கிறது.