பஞ்சு வைத்த தோட்டா

அன்று அந்த அறையில் கிளப் செயலாளர் இருந்தார். துப்பாக்கிக்குச் சொந்தக்காரரான கான்ட்ராக்டர் இருந்தார். நான் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி கூட்டிவந்து விட்டதும் என் அப்பாவும் இருந்தார். தோட்டாவை மென்மையாகச் செய்யச் சொன்ன கோச் மட்டும் இல்லை. ஒரு போட்டிக்காக அவர் டெல்லிப் பக்கம் போயிருந்தார்.

மேஜைமேல் செய்தித்தாளை விரித்து ஒரு தோட்டாவைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பித்தளைக் கூடு ஒரு பக்கம், ஈயக் குண்டு ஒரு பக்கம், சிறு குவியலாக மருந்து, அதன் அருகே ஒரு கொத்து வெள்ளைப் பஞ்சு. எல்லோரும் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹென்னூர் தாண்டி இருக்கிற அந்தத் துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் ஆயுத அறை உதவியாளன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள். அப்பா சிவாஜிநகரில் ஒரு கறிக்கடையில் கறி வெட்டுகிறார். வேலை கிடைத்த அன்று, துப்பாக்கி என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, லிங்கராஜபுரத்தில் எங்கள் தெரு முழுக்க எனக்குப் போலீஸ் வேலை என்று அம்மா சொல்லிவிட்டார். நானும் திருத்தவில்லை. துப்பாக்கிகளைத் துடைப்பது, காலிக் கூடுகளைப் பொறுக்கிக் கழுவுவது, கோச் மேற்பார்வையில் தோட்டா நிரப்புவது, இவைதான் வேலை. நிரப்புவதற்கான அனுமதி கோச்சின் பெயரில் இருந்தது. கை என்னுடையது. அந்தக் கைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கான்ட்ராக்டரின் துப்பாக்கி அவருடைய மாமனார் வழியாக வந்தது. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். குழாயின் வாய் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அகலம். மலையில் நாளெல்லாம் தோளில் தூக்கி நடப்பதற்காகச் செய்தது என்பதால் எடை மிகக் குறைவு. பெரிய குண்டும் எடை குறைந்த துப்பாக்கியும் சேர்ந்தால் அடி முழுவதும் சுடுகிறவரின் தோளுக்குத்தான். அவருடைய மகள் கல்லூரிக்குப் போகிறவள். முதல் முறை சுட்டபோது அவள் தோள்பட்டை நீலமாகக் கன்றிப்போனது. துப்பாக்கியை மேஜைமேல் வைத்துவிட்டு, "இனி இதைத் தொட மாட்டேன் டாடி" என்று சொல்லிவிட்டாள்.

அந்த அளவுத் தோட்டா இப்போது கடையில் கிடைப்பதில்லை. பழைய கூடுகளில் நாங்களே நிரப்பினால்தான் உண்டு. "என் பொண்ணுக்கு மைல்டா பண்ணிக் குடுங்க" என்று கான்ட்ராக்டர் கோச்சிடம் கேட்டார். கோச் என்னிடம் திரும்பி, "பண்ணிடுப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

கோச் புத்தகத்தைப் பார்த்து அளவைச் சொன்னார். நான் நிறுத்துப் போட்டேன். அந்தக் கூடு அந்தக் காலத்துக் கரிமருந்துக்காகச் செய்தது, நீளமானது. இன்றைய மருந்தை மென்மையான அளவில் போட்டால் அடியில் கொஞ்சம்தான் நிற்கும், மேலே வெற்றிடம். துப்பாக்கியைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் மருந்து முன்பக்கம் சரிந்துவிடும். பிறகு ஒரு வெடி ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி. அது ஆபத்து. மருந்து அடியிலேயே நிற்க மேலே லேசாகப் பஞ்சு வைப்பது வழக்கம். தலையணைக்குள் இருக்கிற செயற்கைப் பஞ்சுதான். இதையும் கோச்தான் காட்டிக்கொடுத்தார். மிச்ச மருந்து, கான்ட்ராக்டர் காசில் வாங்கிய டப்பாவிலேயே இருந்தது. டப்பாவை அவருடைய இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பெண் அதைச் சுட்ட நாளை இப்போதும் நினைத்துப்பார்க்கிறேன். குறி அட்டையில் ஓட்டைகள் ஒரு உள்ளங்கைக்குள் விழுந்தன. அவள் என்னைப் பார்த்து, "வலிக்கவே இல்ல அண்ணா" என்றாள். அந்த மாதத்தில் சம்பளத்தைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

கோச் ஊருக்குப் போன வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் தன் நண்பர்களைக் கூட்டிவந்தார். மாமனார் புலி வேட்டைக்குப் போன கதையை வழியெல்லாம் சொல்லியிருப்பார் போல. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு தயாராக நின்றார்கள். செல்போனில் ஒருவர் வீடியோ எடுத்தார். மகளுக்காக வைத்திருந்த தோட்டாவைப் போட்டு அவர் சுட்டார். சத்தம் பெரிதாக இல்லை.

"மச்சா, சோடா பாட்டில் ஒடச்சியா?"

"புலி சிரிச்சே செத்திருக்கும் குரு."

"தீபாவளிக்கு மிஞ்சினதை வாங்கிட்டு வந்துட்டான்டா!"

அவரும் சிரித்தார். முகம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தோட்டாவை எடுத்துக் காதருகே ஆட்டிப்பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "இதைப் பிரி மேன்" என்றார். பிரித்தேன். நானே என் கையால், நடுங்காமல், பெருமையோடுதான் பிரித்தேன். விளக்கிச் சொல்ல ஒரு வாய்ப்பு என்று நினைத்தேன்.

பஞ்சைக் கண்டதும் அவர் குரல் மாறியது.

"ஏய், என்னடா இது? மருந்தை எடுத்துட்டுப் பஞ்சை அடச்சு வச்சிருக்க?"

"சார், மைல்டு தோட்டாவுக்கு மருந்து கம்மியாதான் சார் போடணும்."

"மைல்டுன்னா அடி மைல்டா இருக்கணும். மருந்து ஏன்டா கொறையணும்? நான் முழு டப்பாவுக்குக் காசு குடுத்திருக்கேன்."

"மருந்து குறைஞ்சாதான் சார் அடி குறையும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? சிமெண்ட்ல மண்ணு கலக்கறவனைத் தெனமும் பாக்கறேன். எனக்கேவா?"

நண்பர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம்.

செயலாளர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இருவரையும் அறைக்குக் கூட்டிப்போய், கோச்சுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கொஞ்சம் குறைச்சுப் போடச் சொன்னேன் சார்" என்றது கோச்சின் குரல். "பஞ்சா? பஞ்சு எவ்ளோ வச்சான்னு தெரியல சார். நான் வந்து பாக்கறேனே."

"சார், அலமாரியைத் திறந்து டப்பாவை நிறுத்துப் பாருங்க. மிச்சம் எல்லாம் அதிலேயேதான் இருக்கு" என்றேன்.

"சாவி அவர்கிட்ட இருக்கு. அவர் வர பத்து நாளாகும்" என்றார் செயலாளர்.

"அதுவரைக்கும் இவன் மருந்தை எவன்கிட்ட வித்திருப்பானோ?" என்றார் கான்ட்ராக்டர். "ஸ்டேஷனுக்குப் போலாம் சார். வெடிமருந்து விஷயம், விளையாட்டா?"

செயலாளர் என்னிடம் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார், உன் அப்பாவை வரச்சொல் என்று. எனக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடத்தில்கூட அப்பாவைக் கூட்டிவரச் சொல்லும்படி நான் நடந்துகொண்டதில்லை.

ஞாயிறு கறிக்கடையில் கூட்ட நாள். அப்படியே பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார் அப்பா. சட்டை மாற்றியிருந்தார், ஆனால் நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. மேஜையைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. செயலாளர் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தெரியாம பண்ட்டான் சார். மன்னிச்சு உட்ருங்க. படிச்ச பையன், கேஸு கீஸுன்னா வாழ்க்கை போயிடும்."

"அப்பா, நான் எடுக்கல."

"நீ வாய மூடு."

"நான் எடுக்கலப்பா. கோச் வந்ததும் டப்பாவை..."

"மூடுன்னேன்ல?"

ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் அவர். எடுத்தியாடா என்று. அந்த அறையில் அதைக் கேட்க உரிமை இருந்த ஒரே மனிதர் அவர்தான். கேட்காமலேயே ஒத்துக்கொண்டார். அவர் கும்பிட்ட அந்த நொடியில் நான் திருடனாகிவிட்டேன்.

செயலாளர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன். மருந்தை அளவுக்குக் குறைவாக நிரப்பியது என் தவறு, மீதிக்கு நானே பொறுப்பு, நஷ்டத்தைத் தருகிறேன், வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். ஒரு எழுத்துப்பிழை இல்லாத இங்கிலீஷ். என்னைப் படிக்கவைத்தவர் பக்கத்தில் நின்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், "கையெழுத்துப் போடுடா" என்றார்.

வெளியே வந்ததும் கத்தினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தியா இல்லியான்னு நான் கேட்டனா? நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல போயி அதைச் சொன்னா எவன் கேப்பான்? வெடிமருந்துன்னு எழுதினா உள்ள போட்டு எப்ப உடுவான்னு தெரியுமா உனக்கு?"

தெரிந்திருந்தும் கும்பிட்டார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. இன்றுவரை இல்லை.

கோச் திரும்பிவந்து அலமாரியைத் திறந்தார். எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். "மருந்தெல்லாம் டப்பாவுலயே இருக்குப்பா. கணக்கு சரியா இருக்கு. செக்ரெட்டரிகிட்ட சொல்லிட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காத." நான் கிளப்புக்குப் போன் செய்து, நஷ்டமாகக் கட்டிய பணத்தையும் கடிதத்தையும் திருப்பிக் கேட்டேன். செயலாளர் பொறுமையாகவே பேசினார். "நீயே எழுதிக் குடுத்திருக்கியேப்பா. இனி நான் கமிட்டியில என்ன சொல்றது?"

அதற்கடுத்த மாதம் கோச் மறுபடி கூப்பிட்டார். கான்ட்ராக்டரின் மகள் அந்தப் பழைய தோட்டாதான் வேண்டும் என்கிறாளாம், வேறு எதையும் சுட மாட்டாளாம்.

"ஒரு நாள் வந்து ரொப்பிக் குடுத்துட்டுப் போயேன். கூலி வாங்கித் தரேன்."

"பஞ்சு வச்சா?"

"பஞ்சு வச்சுதான்ப்பா. அது இல்லாம எப்படி?"

போனை வைத்துவிட்டேன். இப்போது காக்ஸ் டவுனில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறேன். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டால் டியூஷன் எடுத்தேன் என்று சொல்கிறேன்.

குண்டு, கூடு, முழு டப்பா மருந்து என்று அவர்கள் போட்ட நஷ்டம் முப்பத்தாறாயிரம். அம்மாவின் சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கட்டினோம், அதில் தள்ளுபடி போனது நாலாயிரம். கடிதம் எழுதிக்கொடுத்த அன்று என்னோடு பஸ்ஸில் நிற்க அப்பாவுக்கு மனமில்லை, ஆட்டோ பிடித்தார். அதற்கு முந்நூற்று இருபது. ஆக நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய்.