அக்கரைத் தவளைகள்

அப்தோன் குவாமான் பதினொரு வருடம் தவளை பிடித்தான். அவனுடன் வேலை பார்த்தவன் நான். என் மகளுக்கு அவன் ஞானத்தகப்பன். அதனால் ஒருவரை ஒருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் ஆற்றுக்கு இக்கரைத் தவளை மூன்று முறை கத்தும். அக்கரையில் இரண்டே முறை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், கட்டைவிரல் அளவு, பச்சை. அக்கரையில் இருப்பது வேறெங்கும் இல்லாத தனி இனம் என்று நிரூபித்தால் அக்கரை மலை தப்பும். இல்லாவிட்டால் செம்புச் சுரங்கம் வரும். அந்த மலைத் தண்ணீரை நம்பித்தான் அப்தோனின் சோளக்காடு இருக்கிறது.

தலைநகர் கீத்தோவிலிருந்து டாக்டர் இர்மா வருவாள். நாங்கள் பிடித்த தவளையின் விரல் நுனியை வெட்டிப் புட்டியில் போட்டு எடுத்துப் போவாள். மரபணுவைப் படித்துக் கணினிக்குக் கொடுத்தால், ரத்தம் எவ்வளவு கலந்திருக்கிறது, இது ஒரு கூட்டமா இரண்டா என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும்.

போன மார்ச்சில் முகம் செத்துப்போய் வந்தாள்.

"ஒரே இனம்னு சொல்லுது அப்தோன். இக்கரைத் தவளையில பாதிக்குப் பாதி அக்கரை ரத்தம்."

"உங்க பொட்டிக்குக் காது கேக்காதா டாக்டரம்மா? கத்துறதே வேறங்க!"

"அதுக்கு ரத்தம் மட்டுந்தான்பா தெரியும்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவள் கூடாரத்துக்குப் போனதும் என் பக்கம் திரும்பினான்.

"கொம்பாத்ரே, ஆத்தைத் தாண்டுற கம்பிக் கூடை ஞாபகமிருக்கா?"

"மறக்குமா? உன் பெருத்த பின்பக்கத்தை நான்தானே இழுத்தேன்."

"மழைக்காலத்துல தவளையக் கொண்டுபோய் விட அதுல திரும்ப ஏறப் பயம். அளந்து முடிச்ச அக்கரைத் தவளைய இங்க நம்ம முகாமுக்குப் பின்னாலயே விட்டுட்டேன். எங்க இருந்தா என்ன, ரெண்டு பக்கமும் ஈரந்தானேன்னு."

"எத்தனை வருஷமா?"

"மொத வருஷத்துலேர்ந்து."

இக்கரையில் நாங்கள் தவளை பிடித்ததெல்லாம் முகாமைச் சுற்றித்தான். அங்கே அவை கண்டபடி கத்துவதைக் கேட்டு, குடிகாரத் தவளைகள் என்று இரண்டு பேருமே கேலி பேசியிருக்கிறோம்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னான். அவள் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"முகாமை விட்டுத் தள்ளிப் போய்ப் புதுசா பிடிக்கணும். ஒரு வருஷம் ஆகும். சுரங்கத்துக்கு அனுமதி குடுக்கலாமாங்கற விசாரணை அடுத்த வாரம்பா."

விசாரணையில் அப்தோன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். சுரங்கக் கம்பெனி வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டான்.

"பிடிச்ச இடத்துல விடாத ஆளு, புட்டியில மட்டும் சரியான கரைய எழுதியிருப்பீங்கன்னு எப்படிங்க நம்புறது?"

சரியாகத்தான் எழுதினான். எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது மழை விட்டதும் அப்தோன் வாளியோடு முகாமுக்குப் பின்னால் போகிறான். இரண்டு முறை கத்துவதைத் தேடிப் பிடித்துக் கூடையில் ஏறி ஆற்றைக் கடக்கிறான். இன்று பயமில்லை. சுரங்கத்துக்காக வெட்டிய அந்த மலையில் கொண்டுபோய் விட ஓர் இலையும் இல்லாததால், அதே வாளியோடு திரும்பி வருகிறான்.