இரண்டாவதாக வருகிறவன்

வெண்டல் டப்ஸின் கணுக்கால்கள் சுளுக்காமல் இருக்க ஆறு வருடம் டேப் சுற்றியவன் நான். அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. எங்கள் சாகினா கூடைப்பந்து அணியின் ஆட்டக் குறிப்புகளைப் புரட்டினால் அவன் ஒன்றுமில்லாத ஆள். ஆட்டத்துக்கு நாலு புள்ளி, அவ்வளவுதான். ஊர்ப் பத்திரிகை ஒரு தடவை அவன் பெயரையே தப்பாகப் போட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனோ அந்தப் பக்கத்தையே கிழித்து சாண்ட்விச்சைச் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிப் பேருந்து ஓட்டப் போனான். காலையில் அவனுக்கு அந்த வேலை, மதியம் எங்களோடு பயிற்சி.

பள்ளியில் படித்தபோது அவனும் புள்ளிகளாகக் குவித்தவன்தான். கல்லூரிக்குப் போனால் அங்கே அவனைவிட நன்றாகப் போடுகிறவர்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். ஓடிப்போய் மறிக்க யார் வருகிறீர்கள் என்று அங்கே கேட்டபோது இவன் ஒருத்தன்தான் கையைத் தூக்கினானாம். "தூக்கின கையை இன்னும் இறக்கலை, டாக்டரே," என்பான். நான் டாக்டர் இல்லை. டேப் சுற்றுகிறவனை எங்கள் ஆட்டக்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எதிரணியின் பெரிய ஆட்டக்காரனை நம் ஆள் ஒருத்தன் ஒட்டி நின்று தடுப்பான். அந்தப் பெரிய ஆள் பந்தைத் தரையில் தட்டத் தொடங்கும் நொடியில், வெண்டல் தன் ஆளை விட்டுவிட்டு ஓடி வந்து மறுபக்கத்தை அடைப்பான். கொஞ்சம் முந்தினால் பந்தை வேறொருவனுக்கு வீசிவிடுவான், பிந்தினால் கூடையில் விழுந்துவிடும். இவன் விட்டுவந்த ஆளுக்குப் பந்து போய் அவன் போட்டுவிட்டால் கூட்டம் இவனைத்தான் திட்டும். "உன் ஆள் எங்கடா?" என்று நாலாவது வரிசையில் ஒரு கிழவர் தவறாமல் கத்துவார். யாரைத் திட்ட வேண்டும் என்று தெரியாத கூட்டம்.

எங்கள் கோச் ஸ்டான் ரிபிக்கி "சிவப்பு" என்று கத்தினால் இப்படி மறிக்க இரண்டாவது ஆள் போயே ஆக வேண்டும். போகாதவன் மறுநாள் பயிற்சிக்கு எல்லாருக்கும் ஒரு பெட்டி டோனட் கொண்டுவர வேண்டும். ஆறு வருடத்தில் எல்லாரும் கொண்டுவந்திருக்கிறார்கள், கோச்சின் சொந்த மைத்துனன் உட்பட. வெண்டல் மட்டும் கொண்டுவந்ததே இல்லை. "ஓசி டோனட்" என்றே அவனுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை நான் அவனுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது கோச் வந்து நின்றார்.

"வெண்டல், திங்கக்கிழமை ஒருத்தன் வர்றான். இருபத்திரண்டு வயசு. முப்பது பாயிண்ட் போடுறான்."

"நல்லது கோச்."

"என்னப்பா நல்லது? நம்மகிட்ட இருக்கறது பத்து இடம். ஒருத்தன் போகணும்."

"நானா?"

"ஞாயித்துக்கிழமை மேட்ச் முடியட்டும். அப்புறம் சொல்றேன்."

அவர் போனதும் நான் அவரை நாலு வார்த்தை நன்றாகத் திட்டினேன். வெண்டல் அடுத்த காலை நீட்டினான்.

"எனக்கு முப்பத்தி நாலு வயசு, டாக்டரே. இங்கேருந்து போனா வேற எவனும் கூப்பிடமாட்டான். அது தெரிஞ்சதுதான். ஆனா ஆசை தீரலையே, என்ன பண்றது?"

ஞாயிறு மதியம் டொலிடோ அணி வந்தது. அவர்களுடைய பெரிய ஆள் லானி கெய்தர் அன்று நாற்பது புள்ளியைத் தொட்டுவிட்டான். கடைசி எட்டு நொடி. நாங்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். பந்து கெய்தர் கையில், கூடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். வெண்டல் விட்டுவர வேண்டிய ஆள் பெட்ரி. மூலையில் தனியாக விட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடுவான்.

"சிவப்பு" என்று கோச் கத்தினார்.

கெய்தர் பந்தைத் தட்டினான். வெண்டல் ஷூ கிறீச்சிட இரண்டு அடி பாய்ந்தான். கெய்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்கு மேலாகப் பந்தை மூலைக்கு வீசினான். ஆனால் வெண்டல் அந்த இரண்டு அடியோடு நின்று மூலைக்கே திரும்பியிருந்தான். பெட்ரிக்குப் போன பந்து இவன் நெஞ்சில் வந்து விழுந்தது. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மணி அடித்தது.

கூட்டம் கூத்தாடியது. நாலாவது வரிசைக் கிழவர் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிக்கொண்டார். கோச் மட்டும் நேராக உள்ளே போய்விட்டார். ஜெயித்தாலும் அவர் சொன்னதை மீறிய ஆட்டம் அது.

திங்கள்கிழமை வெண்டல் ஒரு பெட்டி டோனட்டோடு வந்தான். ஆட்டக்காரர்கள் ஆளாளுக்குக் கேலி பேசிக்கொண்டு சூழ்ந்துகொண்டார்கள். கோச் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"சிவப்புன்னு கத்தினேன். நீ போகலை."

"போகலை கோச். அதான் வாங்கிட்டு வந்தேன்."

"தெரிஞ்சேதானா?"

"ஆறு வருஷமா அவன்மேல ஓடிக்கிட்டு இருக்கேன். ஒரு தடவைகூட போகாம இருந்ததில்லை. என் ஷூ சத்தம் கேட்டாப் போதும், பார்க்காமலே மூலைக்குத் தள்ளிடுவான். அத நம்பித்தான் நின்னேன்."

"அவன் வீசாம இருந்திருந்தா?"

"இன்னைக்கு நான் பஸ் மட்டும்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

கோச் மெதுவாக மென்று முடித்தார். விரலில் ஒட்டிய சர்க்கரையைச் சட்டையில் துடைத்தார்.

"அந்தப் பையனை வரவேண்டாம்னு காலையிலயே சொல்லிட்டேன்," என்றார். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ஜெல்லி வச்சது ஒண்ணுகூட இல்லையேடா. அடுத்த தடவையாவது பார்த்து வாங்கு."

"அடுத்த தடவை கிடையாது கோச். இனிமே சிவப்புன்னா போய் மறிச்சிடுவேன்."

வெண்டல் பெஞ்சில் உட்கார்ந்து இடது காலை என் மடிமேல் நீட்டினான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் டேப் கோணலாகப் போனது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் சுற்றினேன்.