எஞ்சினுக்கு ஆகாத தண்ணீர்

காரை எனக்கு விற்றவர் வாய் கூசாமல் சொன்னார்: "அக்கா, எஞ்சின் உங்கட தையல் மெசின் மாதிரி. ஓடுறதே தெரியாது." தையல் மெசினைப் பற்றி எனக்கே பாடமெடுக்க வந்துவிட்டார். எங்கள் ஊர் உடையார்கட்டில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை நான் தைத்தது. நேரத்துக்கு எண்ணெய் விட்டால் தையல் மெசின் ஒருவரையும் நடுக்காட்டில் இறக்கிவிடாது.

எண்ணூறு சீசீ, மூன்று சிலிண்டர், பெற்றோல். நாற்பது குதிரை வலுவுக்குக் கிட்ட என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தக் குதிரைகளில் பாதியை முந்தின சொந்தக்காரரே ஓட்டி முடித்திருக்க வேண்டும். ஏசியைப் போட்டால் உழவு இயந்திரத்தை முந்தவே யோசிக்கும். சந்தியில் நிறுத்தினால் ஸ்டியரிங் காய்ச்சல்காரன் கை போல நடுங்கும். எஞ்சினைத் தாங்குகிற றப்பர்கள் தேய்ந்தால் அப்படித்தானாம், அதுவும் மூன்று சிலிண்டர் என்றால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யுமாம். எஞ்சின் மூடியின் ஓரத்தால் எண்ணெய் கசிந்தது, அதற்கும் விற்றவரிடம் ஒரு "அப்பிடித்தான் அக்கா" இருந்தது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். நான் அந்தக் காரை ஊர் சுற்ற வாங்கவில்லை.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ஒவ்வொரு கிழமையும் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்திகரித்து வர வேண்டும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கி, மூச்சு முட்டத் தொடங்கிவிடும். சிகிச்சை முடிந்து வெளியே வரும்போது பிழிந்த துணியாகத்தான் வருவார். அப்படி வந்த மனிதர் ஒருநாள் பஸ்ஸில் இடமில்லாமல் நின்றபடியே சரிந்து விழுந்தார். அடுத்த மாதமே ஒரு துண்டு வயலை விற்றுக் காரை வாங்கினோம். இந்த வயதில் நான் ஓட்டப் பழகினேன்.

காரைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை என்று நான்தான் சொன்னேன். வயலுக்கு இறங்க முடியாத மனிதருக்குக் காலையில் எழும்ப ஒரு காரணம் வேண்டும். அவரும் அதைச் சந்தோசமாக எடுத்துக்கொண்டார். வவுனியாவுக்குப் போகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் வாளியும் துணியுமாக முற்றத்தில் நிற்பார். கண்ணாடி துடைப்பார், சில்லுக்குக் காற்றுப் பார்ப்பார், பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கனநேரம் நிற்பார். நான் உள்ளே தைத்துக்கொண்டிருப்பேன்.

சில மாதங்களில் கார் சூடாகத் தொடங்கியது. ஒட்டுசுட்டானைத் தாண்டினால் சூடு காட்டுகிற ஊசி மெல்ல மேலே ஏறும். அதைப் பார்த்துப் பார்த்தே எனக்கு றோட்டுத் தெரியாமல் போய்விடும். புதுக்குடியிருப்பில் ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் காரைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு காற்றாடிக்குப் போகிற வயரை நேராக பற்றரியில் கொழுவினார். சூட்டுக்கு ஏற்றபடி தண்ணீர்வழியைத் திறந்து மூடுகிற தேர்மோஸ்ரற் என்ற சின்ன வால்வைக் கழற்றி, "இது குளிர் நாட்டுக்காரருக்கு, எங்களுக்குத் தேவையில்லை" என்று மூலைக்குள் எறிந்தார். போகும்போது, "பொம்பிளையள் கியர் மாத்தாமல் இழுத்தால் எந்த எஞ்சினும் சூடாகும்" என்று ஒரு புத்திமதி வேறு.

அந்த ஆளுக்கு நான் காசும் கொடுத்தேன் என்பதை நினைக்க இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கியர் மாற்றத் தெரியாதவளாம். குண்டும் குழியுமான அந்த றோட்டில், பக்கத்தில் இருக்கிற மனிதரின் உடம்பு குலுங்காமல் அவர் ஒருநாள் ஓட்டிக் காட்டட்டும்.

ஊசி சில நாட்கள் அடங்கியிருந்தது. பிறகு ஒருநாள் மாங்குளத்துக்குக் கிட்ட, இரண்டு பக்கமும் காடாக இருக்கிற இடத்தில், பொனட்டுக்குள்ளிருந்து புகை போல ஆவி கிளம்பியது. எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. இவர் இறங்கி, துணியால் பிடித்து றேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார். "கையை எடுங்கோ" என்று நான் கத்திய கத்தலில் காட்டுக்குள் நின்ற மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. அந்த வழியால் வந்த உழவு இயந்திரம் ஒன்று எங்களை மாங்குளம்வரை கயிறு கட்டி இழுத்துவந்தது. காரை அங்கேயே ஒரு கராச்சில் விட்டுவிட்டு பஸ் பிடித்தோம். வவுனியாவுக்குப் போய்ச் சேர இவருடைய முறைக்கு வேறொருவர் ஏறிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? மெசின் ஒன்று காலியாகப் பின்னேரம்வரை ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்தோம். இவருடைய கால்கள் வீங்கி, செருப்பு வெளியே கிடந்தது.

அடுத்த முறை பஸ்ஸில் போய்த் திரும்பும்போது மாங்குளத்தில் இறங்கினோம். மெக்கானிக் இளம் பெடியன் அல்ல, அனுபவசாலியும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் ஒருவர். ஒரு கையில் பாதி கடித்த பணிஸ், மற்றக் கையில் ஸ்பானர். எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி வாங்கில் வைத்திருந்தார். இந்தச் சின்ன எஞ்சின்களில் அது அலுமினியமாம். சூடு மிஞ்சினால் வளைந்துவிடுமாம். வளைந்ததும் கீழே இருக்கிற காஸ்கற் என்ற மெல்லிய தகடு எரிந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடுமாம். தண்ணீர் ஓடுகிற துவாரங்களைக் காட்டினார். எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள் பிடிக்கிற அதே வெள்ளைப் பொருக்கு. பாதித் துவாரம் அடைபட்டிருந்தது.

"ஆர் இதுக்குக் கிணத்துத் தண்ணி விட்டது?" என்றார்.

"ஒருத்தரும் விடேல்ல. வாங்கேக்க எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் பச்சை நிறத்தில நிறைய இருந்தது. நானே பாத்தனான்" என்று சண்டைக்குப் போனேன்.

பின்னால் ரயர் ஒன்றில் இருந்த இவர் மெல்லச் சொன்னார். "நான் அதைப் பாசி எண்டு நினைச்சன்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பாசி பிடிச்ச தண்ணி எண்டு வெளியில ஊத்திப்போட்டு நல்ல தண்ணி விட்டனான். ஒவ்வொருக்காப் போக முதலும் புதுசா மாத்தினனான். லான்மாஸ்டருக்குக் காலமை காலமை விடுறனாங்கள்தானே."

கையால் பிடித்து உழுகிற அந்தச் சின்ன உழவு இயந்திரத்தோடுதான் இவருடைய வாழ்க்கை முழுதும் போனது. அதன் தொட்டிக்குத் தண்ணீர் விடாமல் இவர் ஒருநாளும் வயலுக்குள் இறங்கியதில்லை. அந்த அக்கறையைத்தான் காருக்கும் காட்டியிருக்கிறார்.

மெக்கானிக் சிரித்தார். "அண்ணை, லான்மாஸ்டர் எதையும் குடிக்கும். இது சின்ன எஞ்சின், தண்ணி ஓடுற வழியும் சின்னன். இஞ்சத்தைத் தண்ணி இதுக்குச் சரிவராது. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே."

என் தலைக்குள் ஏதோ வெடித்தது. "ஆருக்குத் தெரியும்? தெரிஞ்ச நீங்கள் எல்லாரும் எங்க இருந்தனீங்கள்? இரும்புக்கே ஆகாத தண்ணியை வெயிலுக்க நிண்டு வாளி வாளியாக் குடிச்ச மனுசனுக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

அவர் பணிஸைக் கீழே வைத்தார். "அக்கா, நான் காரைத்தான் சொன்னனான்."

காரைத்தான் சொன்னார், எனக்கும் தெரியும். அவரோடு கோபித்து என்ன பயன்? இவருக்கு இந்தச் சிறுநீரக வருத்தம் ஏன் வந்தது என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். தண்ணீராக இருக்கலாம், வயலுக்கு அடிக்கிற மருந்தாக இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம், இன்னும் ஆராய்கிறார்கள் என்றார்கள். ஒருதரம் சிலர் வந்து எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டும் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். எஞ்சினுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக்கும் ஒரு பணிஸும் போதுமாக இருந்தது. "தலையை இழைச்சு, புதுக் காஸ்கற் போட்டால் புதுசு மாதிரி ஓடும்" என்று அவர் ஆறுதல் வேறு சொன்னார். இவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கார் திரும்பி வந்தது. தேர்மோஸ்ரற் அதன் இடத்துக்கு வந்தது, கூலண்ட் பச்சையாக நின்றது. குறைந்தால் வடிகட்டிய தண்ணீர் மட்டும்தான் விட வேண்டும் என்று மெக்கானிக் இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.

அடுத்த முறை வவுனியாவுக்கு வெளிக்கிட்ட காலையில் நான் கைப்பையோடு வெளியே வந்தேன். இவர் பொனட்டைத் திறந்து வைத்து, கூலண்ட் போத்தலுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது அவருடைய குடிதண்ணீர்ப் போத்தல். ஒரு நாளைக்கு அந்த ஒரு போத்தலுக்கு மேல் குடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள், அதையும் காசுக்குத்தான் வாங்கி வைக்கிறோம். சிறுநீரகம் போன பிறகு நல்ல தண்ணீர், அதுவும் அளந்து.

"உது உங்கட தண்ணியெல்லோ" என்றேன்.

"எனக்கு இனி என்னத்துக்கு நல்ல தண்ணி. இதையாவது காப்பாத்துவம்" என்றார். கோபமில்லாமல், காருக்காகக் கவலைப்பட்டுத்தான் சொன்னார்.

கோபம் எனக்குத்தான் வந்தது. யாரைப் பிடித்து உலுப்புவது என்று தெரியாத கோபம். போத்தலைப் பறித்தேன். பொனட்டை அடித்துச் சாத்தினேன். அவரை முன் சீற்றில் இருத்தி, அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரை அவர் கையில் கொடுத்தேன்.

"குடியுங்கோ."

அது சண்டைக் குரலாகத்தான் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு குடிக்கத் தொடங்கினார். கடைசிச் சொட்டையும் குடித்து முடிக்கும்வரை நான் சாவியைத் திருப்பவில்லை.