பனியன் துணிப் பாராசூட்

என் மகள் பள்ளியில் சாரணியர் அணியில் சேர்ந்த பிறகு, எங்கள் வீட்டில் ‘ஆன்ட்டி சொன்னாங்க’ என்ற பேச்சு கேட்காத நாளே இல்லை. ஆன்ட்டி என்பது அவளோடு படிக்கும் இன்னொரு பெண்ணின் அம்மா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தவள். இயற்பியல் படித்தவளாம். அதனால் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அறிவியல் செய்துகாட்டும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். கூடமாட ஒத்தாசைக்கு நான். அதாவது, ஐஸ் குச்சியில் பாலம் கட்ட அவள் சொல்லித்தருவாள். சிந்திய பசையை நான் துடைப்பேன்.

அவள் படிப்பின் மேல் எனக்கு எரிச்சல் இல்லை. என் மகள் அவளை வாய் பிளந்து பார்க்கிறாளே, அதுதான் தாங்கவில்லை. வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் சாம்பிள் தைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கறிக்குழம்பு வைத்துப் போட்டால், “ஆன்ட்டி ஊட்ல மீன் கொழம்புக்கு மாங்கா போடுவாங்களாம்” என்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் அந்த ஆன்ட்டி பாராசூட் செய்யச் சொன்னாள். அதில் முட்டையைக் கட்டி மாடியிலிருந்து போட வேண்டும். முட்டை உடையக் கூடாது. துணியை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். விடுவேனா? துணியைப் பற்றி எனக்கு எவள் வந்து சொல்லித்தர வேண்டும்? கட்டிங் மாஸ்டரிடம் சொல்லிவைத்து, வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் போகும் சட்டையில் மிஞ்சிய துணியை வாங்கி வந்தேன். தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. வட்டமாக வெட்டி, ஓரம் சுருளாமல் ஓவர்லாக் அடித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகள் கையிலும் பனியன் துணிதான். துணி கொண்டுவா என்றால் திருப்பூரில் வேறென்ன வரும்? முதலில் முட்டைக்குப் பதில் கல்லைக் கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுவிடாமல் தொப்பு தொப்பென்று விழுந்தன.

ஆன்ட்டி சிரித்தாள். “பனியன் துணி வலை மாதிரில்லா பிள்ளைகளா. இழுத்தா விரிஞ்சு காத்தை விட்டுரும். குடைத்துணி நெருக்கமா நெய்தது, காத்தைப் பிடிச்சு வச்சுக்கிடும்” என்று பையிலிருந்து பழைய குடைத்துணிகளை எடுத்தாள். இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறாள்! பிள்ளைகள் அவளை மொய்த்துக்கொண்டார்கள்.

என் மகளும் எழுந்து அவளிடம் போய் ஏதோ கேட்டாள். அவள் குனிந்து காதோடு ஏதோ சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் மகள் வெறுங்கையோடு திரும்பி வந்து, என் துணியிலேயே முட்டையைக் கட்ட உட்கார்ந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முட்டை உடையும் என்பது தெரிந்த சங்கதிதான். உடைந்தால் உடையட்டும், என் பிள்ளை என் பக்கம்! ஆன்ட்டியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். அவளும் சிரித்தாள். தோற்றுப்போய் வழிகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்களின் முட்டைகள் ஆடி அசைந்து இறங்கின. என் மகளுடையது நேராகச் சிமெண்டுத் தரையில் விழுந்து சிதறியது. பிள்ளைகள் ‘ஓ’வென்று கத்தினார்கள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், அழவில்லை. எனக்கோ பெருமை பிடிபடவில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது கேட்டேன். “ஏங்கண்ணு, எல்லாரும் குடைத்துணி வாங்குனாங்களே, நீ மட்டும் ஏஞ்சாமி வாங்கல?” பதில் தெரிந்துதான் கேட்டேன். அதை அவள் வாயால் கேட்க ஆசை.

“நானும் வாங்கத்தானுங்கம்மா போனேன். ஆன்ட்டிதா வேண்டாம்னாங்க. முட்டை ஒடஞ்சா வேற வாங்கிக்கலாம், அம்மா மொகம் வாடிரும், அம்மா குடுத்ததுலயே செய்யின்னாங்க.”

என் முகம் வாடும் என்பது அந்த ஆன்ட்டிக்குத் தெரிந்திருக்கிறது. நான் பெற்றவளுக்குத் தெரியவில்லை.