மூடிக் கிடந்த வளை

வலது கன்னத்தை மணலில் அழுத்திக் குப்புறக் கிடப்பார். ஒரு கண் மூடியிருக்கும், மற்றது பல்லி வளையின் வாயைப் பார்க்கும். பின்னால் பத்தடியில் என் இயந்திரம் உறுமிக்கொண்டு நிற்கும். மனுஷன் திரும்பிப் பார்க்க வேண்டுமே, ஊஹூம்.

சாலை போடும் எங்கள் கூட்டத்தில் அவருக்குப் பெயர் பல்லிக்காரர். இந்தப் பாலையில் முள்வால் பல்லி என்று ஒன்று உண்டு. முழங்கை நீளம், வாலெல்லாம் முள், தின்பதோ வெறும் புல்லும் பூவும். நான் தரையை மட்டமாக்கும் முன்பு வளை வளையாகப் பார்த்து, உள்ளே இருப்பதைப் பிடித்து அப்பால் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. காலி வளைக்கு வெள்ளைக் கொடி நடுவார். கொடியைப் பார்த்தால் நான் அதன்மேல் இயந்திரத்தை ஏற்றிவிடுவேன்.

போன வருஷம், வாய் மூடிக் கிடந்த ஒரு வளைக்குக் கொடி நட்டார். ஏற்றினேன். புரண்ட மண்ணில் வால் தெரிந்தது. குளிருக்கு அது உள்ளிருந்தே மண்ணால் கதவடைத்துக்கொள்ளும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அன்று அவர் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு எந்த மூடிய கதவும் காலி வீடு இல்லை. "சொந்த வீட்டுக் கதவையே ஒரு தடவதான் தட்டுவாரு. நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் சத்தமில்லாம வாசல்லயே நிப்பாரு. தெருவே சிரிக்குது" என்று அவர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

இன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே வளை. அதுவும் மூடிய வளை. மேஸ்திரி கத்தினார்.

"பத்து மணியாச்சு! துரைக்குக் காப்பி கொடுத்து எழுப்பணுமா? வெட்டி எடுய்யா!"

"மம்மட்டி வச்சா வால்ல விழும் மேஸ்திரி. தரை சுடட்டும், தானா வரும்."

"வரலன்னா?"

"நாளைக்கு வரும்."

"நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது, பாத்துக்க."

பல்லிக்காரர் எழுந்து முட்டி போட்டார். முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எஞ்சின நிறுத்துங்க. தரை அதிருது."

சாவியைத் திருகினேன். மேஸ்திரி என்னையும் சேர்த்துத் திட்டினார். திட்டட்டும்.

வெகுநேரம் கழித்து மண்ணில் கீறல் விழுந்தது. கரிக்கட்டை போல ஒரு தலை வந்தது, பிறகு பாதி உடம்பு. குளிரில் விறைத்த உடம்பு, வெயில் ஏறாமல் ஓடாது.

"அமுக்குய்யா!" என்றார் மேஸ்திரி.

பல்லிக்காரர் கை நீட்டவில்லை. தன் நிழல் அதன் முதுகில் கிடப்பதைப் பார்த்தார். முட்டியாலேயே மெல்ல நகர்ந்து, வெயிலுக்கு வழி விட்டார்.